வாசல் மட்டம்

திருச்சியிலிருந்து வந்த வேன் வீட்டு முன்னால் நின்றபோது அருள் பிரகாஷ் விழித்துத்தான் இருந்தான். ஜன்னல் வழியாகத் தன் புது வீட்டை முதல் தடவையாக நேரில் பார்த்தான். பார்வை மொட்டைமாடிச் சுவரில் தொடங்கியது. ஜன்னல், கதவு, கதவுக்குக் கீழே சுவர், அதற்கும் கீழே சுவர் என்று இறங்கிக்கொண்டே வந்தது.

“இவ்ளோ ஒசரமா,” என்றான்.

அவனை அழைத்துவரப் போயிருந்த அவன் மனைவி ரீனா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய கை அவன் முழங்காலின் மேல் இருந்தது. அது அங்கே இருப்பது அவனுக்குத் தெரியாது. சிக்கிம் மலையில் ராணுவ லாரி சரிந்து முதுகுத்தண்டு முறிந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அவனுக்கு எதுவுமே தெரிவதில்லை. ஆஸ்பத்திரிகளிலும் பிறகு புனேயில் பயிற்சி விடுதியிலுமாக ஒன்றரை வருஷம் போய்விட்டது. ஹவில்தார் என்ற பட்டத்துக்கு முன்னால் இப்போது ‘ஓய்வு’ என்று சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டுக் கடன் விபத்துக்கு முன்பே வாங்கியது. லீவில் வந்தபோது பாங்கில் கையெழுத்துப் போட்டு, பழைய ஓட்டு வீட்டை இடித்து, அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டிவிட்டுப் போனான். விபத்துக்குப் பிறகு புனேயிலிருந்து படம் வரைந்து போனில் அனுப்பினான். சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி கதவுகள் அகலம். ஸ்விட்சுகள் உட்கார்ந்தபடி எட்டுகிற உயரத்தில். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி. அடுப்பு மேடைக்குக் கீழே முழங்கால் நுழைய இடம். கடைசியில், நாற்காலி ஏறுவதற்கான சாய்தளமாக, வாசலுக்கு ‘ராம்பு ஒண்ணு’ என்று எழுதியிருந்தான். அவனுடைய அப்பா சவரியார் அந்தப் படத்தை ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அளவு பிசகாமல் வேலை வாங்கினார்.

ஆனால் படத்தில் வீடு தரையிலிருந்து ஆரம்பித்தது. அந்தத் தரை மண்ணிலிருந்து எவ்வளவு உயரம் என்று படத்தில் இல்லை. அவனுக்குத் தெரிந்த அஸ்திவாரம் ஒரு அடி.

அவன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஊர் ரோட்டை மறுபடி போட்டார்கள். பழைய ரோட்டின் மேலேயே ஜல்லியும் தாரும் கொட்டியதில் எதிர்வரிசை வீடுகள் ஒரு படி பள்ளத்துக்குப் போய்விட்டன. ஐப்பசி மழையில் அந்த வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. ஆட்கள் கட்டிலை எடுத்துக்கொண்டு ஓடுவதைச் சவரியார் பார்த்தார். தன் மகனால் ஓட முடியாது என்று நினைத்தார். கொளஞ்சிக் கொத்தனாரைக் கூப்பிட்டு அஸ்திவாரத்தை மூன்றரை அடிக்குத் தூக்கச் சொன்னார்.

இதை யாரும் அருள் பிரகாஷிடம் சொல்லவில்லை. மறைத்ததாகவும் சொல்ல முடியாது. ராம்பு இருக்கிறதே என்று ரீனாவும் நினைத்திருந்தாள்.

ராம்பு இருந்தது. வாசல்படிக்குப் பக்கத்தில் சிமென்ட் பூசி, வழுக்காமல் இருக்கக் கோடு கிழித்து, ஊரில் எல்லா வீட்டிலும் இரவில் மொபெட்டை ஏற்றி வைக்கப் போட்டிருப்பார்களே, அதே மாதிரிச் சறுக்கு.

“பாரு, எப்புடிப் போட்டிருக்கோம்னு,” என்றார் சவரியார். மகன் நாற்காலிக்கு மாறி உட்காருவதற்குள் மொபெட்டைக் கிளப்பி, கீழிருந்து ஒரே மூச்சில் மேலே ஏற்றிக் காட்டினார். மேலே நின்று திரும்பிப் பார்த்தார். “வண்டியே ஏறுது.”

“வண்டிக்கு என்ஜின் இருக்குப்பா.”

அருள் பிரகாஷ் சக்கரங்களைத் தள்ளிக்கொண்டு சறுக்கின் அடிக்கு வந்தான். இரண்டு தள்ளு தள்ளினான். நாற்காலியின் முன்சக்கரங்கள் தூக்கிக்கொண்டன. பின்னால் சாயப் போனவனை, ஆட்களோடு வாசலில் காத்திருந்த கொளஞ்சி பிடித்துக்கொண்டார்.

“நாங்க நாலு பேரு இருக்கோம் தம்பி. அலாக்காத் தூக்கி உள்ள வெச்சிடறோம்,” என்றார் கொளஞ்சி.

“இன்னிக்கி நாலு பேரு இருக்கீங்க. நாளைக்கு நான் வெளிய வரணும்னா?”

“கூப்புடு, வரேன். எங்க போயிடப் போறேன்.”

அருள் பிரகாஷ் வீட்டை இன்னொரு முறை பார்த்தான். பிறகு நாற்காலியைத் திருப்பி, கேட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகைக்குள் போனான். வீடு கட்டும்போது சிமென்ட் மூட்டை போட்டு வைக்கக் கட்டியது அது. பழைய வீட்டை இடித்த பிறகு சவரியாரும் ரீனாவும் அதில்தான் குடியிருந்தார்கள். தரையோடு தரையாக இருந்தது.

“நானா உள்ள போற வரைக்கும் இங்கயே இருக்கேன்,” என்றான்.

சவரியார் மொபெட்டை விட்டு இறங்கி வந்தார். “ரோடு இன்னும் ரெண்டு தடவ போட்டா வாசல் மட்டத்துக்கு வந்துடும்டா,” என்றார்.

“அதுவரைக்கும் இங்க இருக்கேன்.”

புது வீட்டைச் சர்ச்சிலிருந்து சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரிக்காமல் யாரும் அதில் படுக்கக்கூடாது. அவன் உள்ளே போகாமல் மந்திரிக்கவும் முடியாது. மூன்று பேரும் கொட்டகையில் இருந்தார்கள். ரீனா காலையில் புது வீட்டுச் சமையலறையில் சமைத்து, சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்து கொடுத்துவிட்டு, தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மேடை அவளுக்குத் தாழ்வாக இருந்தது. குனிந்தே வெங்காயம் நறுக்கியதில் இடுப்பு வலித்தது. லைட்டைப் போடக் கையை வழக்கமான இடத்துக்குக் கொண்டுபோவாள். அங்கே வெறும் சுவர் இருக்கும். கையைக் கீழே இறக்குவாள். அந்த வீட்டில் எல்லாமே அங்கே இல்லாத ஒருவனின் உயரத்தில் இருந்தன. கரைக்குக் கொஞ்ச தூரம் முன்னாலேயே நின்றுவிட்ட கப்பலில் தான் மட்டும் நடமாடுவது போல அவளுக்குச் சில சமயம் தோன்றும்.

சாயங்காலம் வந்ததும் அவன் கால்களைப் பார்ப்பாள். புனேயில் அப்படிச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். வலி தெரியாத கால் என்பதால் கண்ணால்தான் பார்க்க வேண்டும். குதிகால், கணுக்கால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். உட்கார்ந்தே இருப்பதால் பாதம் வீங்கி ஷூ ஏறவில்லை. ரப்பர் செருப்புதான் போட்டுவிட்டாள். ஒருநாள் வலது பாதம் முழுக்கச் சிவப்பு எறும்பு. விரல்கள் தடித்திருந்தன. அவன் போனில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தான்.

“எறும்பு கடிச்சிருக்குங்க.”

“அப்படியா,” என்றான், பக்கத்து வீட்டில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று கேட்ட மாதிரி.

அவள் எறும்புகளைத் தட்டிவிட்டு, தேங்காய் எண்ணெய் தடவினாள். அழுகை வருமா என்று பார்த்தாள். வரவில்லை. அவளுக்கும் எங்கோ மரத்துப் போயிருந்தது. ஆனால் எந்த இடம் என்று காட்ட முடியாது.

பிப்ரவரி கடைசியில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்து மணிமொழி வந்தாள். பெரம்பலூரில் பஸ் ஏறி, மாறி மாறி வந்திருந்தாள். வீட்டைச் சக்கர நாற்காலிக்கு ஏற்ப மாற்றுவதற்கான உதவியும், கடன் வட்டியில் ஒரு பங்கு திரும்பக் கிடைப்பதும் அவள் பார்த்துவிட்டு எழுதுவதில் இருந்தது. மாதத் தவணையை ரீனாவின் சம்பளமும் அவன் பென்ஷனும் சேர்ந்து இழுத்துக்கொண்டிருந்தன. மணிமொழி கொட்டகைக்குள் குனிந்து நுழையும்போது தகரத்தில் தலையை இடித்துக்கொண்டாள்.

“இடிக்காத ஆளே இல்ல மேடம். என்னைத் தவிர,” என்றான் அருள் பிரகாஷ்.

மணிமொழி தலையைத் தேய்த்தபடி சிரித்தாள். பிறகு ரீனாவோடு புது வீட்டுக்குள் போய் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்தாள். குளியலறைக் கம்பியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள். திரும்பி வந்து கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்தாள்.

“உள்ள அவ்வளவு நல்லா செஞ்சிருக்கீங்க சார். ஸ்விட்சைக்கூட எறக்கி வெச்ச வீட்டை நான் பார்த்ததே இல்ல. ஆனா நீங்க வெளிய இருக்கீங்களே.”

“ஆமா.”

“வீட்டுக்காரர் உள்ள இருக்கிற மாதிரி போட்டோ வேணும் சார். அது இல்லாம நான் எழுதி அனுப்ப முடியாது.”

சவரியார் வெளியே கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து வந்தார். “போட்டோதானேம்மா. கொளஞ்சிய வரச் சொல்றேன். தூக்கிட்டுப் போய் ஹால்ல உக்கார வெச்சிடறோம். எடுத்துக்கங்க. அப்பறம் எறக்கிக்கலாம்.”

ஒரு போட்டோவுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று ரீனா நினைத்தாள். சொல்ல வாயெடுத்தாள். அருள் பிரகாஷ் அவளைப் பார்க்கவில்லை. தன் செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அப்படி நெறைய வீட்ல எடுத்திருக்கேன் சார்,” என்றாள் மணிமொழி. “போட்டோல தெரியாது.”

“எடுத்துட்டு நீங்க போனப்பறம் அவங்கள்லாம் எங்க இருந்தாங்க?”

அவள் யோசித்தாள். “தெரியல சார். நான் பஸ்ஸுக்குப் போயிடுவேன்.”

“நானா உள்ள போன அன்னிக்கு போன் பண்றேன். வந்து எடுத்துக்கங்க.”

“மார்ச் முடிஞ்சா இந்த வருஷக் கோப்பு மூடிடும். அப்பறம் எல்லாம் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும் சார்.”

“சரி.”

மணிமொழி எழுந்தாள். ஞாபகமாகக் குனிந்து வெளியே போனாள்.

மறுநாள் கொளஞ்சி, மட்டம் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய டியூபோடு வந்தார். ஒரு முனையை வாசலில் அவர் பிடித்துக்கொள்ள, மறுமுனையைக் கீழே அருள் பிரகாஷ் பிடித்தான். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது. அவன் தலைக்குச் சற்று கீழே நின்றது அந்த மட்டம்.

“ஒரு அடி ஏறணும்னா பன்னண்டு அடி ஓடணும்ண்ணே. அப்பதான் கையால தள்ள முடியும்.”

கொளஞ்சி வாசலிலிருந்து ரோட்டைப் பார்த்தார். “அப்ப ராம்பு ரோட்டைத் தாண்டி எதிர்வூட்டு அடுப்படிக்குப் போயிடும் தம்பி. அவங்க குழம்பு கொதிக்கையில நீ போய் நிப்ப.”

அன்றைக்கு முதல் தடவையாக அருள் பிரகாஷ் சிரித்தான். வீடு என்று குச்சியால் மண்ணில் ஒரு சதுரம் போட்டான். வீட்டின் இடது பக்கம் தரையோடு போக வேண்டும். பின்பக்கம் சமையலறைச் சுவரை ஒட்டிச் சாய்தளம் ஏறத் தொடங்க வேண்டும். மூலையில் மூச்சு வாங்கக் கொஞ்சம் சமதளம். பிறகு வலது பக்கம் மிச்சம் ஏறி, முன்வாசலில் போய் முட்ட வேண்டும். வீட்டை ஒரு சுற்று.

“பின்னால சமையக்கட்டு வாசலோட முடிச்சிட்டா பாதி வேலதான்,” என்றார் கொளஞ்சி.

“என் வூட்டுக்குக் கொல்லப்பக்கமா வர்றதுக்காண்ணே பாங்குல கையெழுத்துப் போட்டேன்?”

கொளஞ்சி குச்சியை வாங்கிச் சதுரத்தின் வலது முன் மூலையில் வைத்தார். “சரி. இங்க மாதா இருக்காங்களே.”

அந்த மூலையில், வாசலுக்குப் பக்கத்தில், கல்லும் சிமென்டும் வைத்துக் குகை மாதிரி மாதா கெபி இருந்தது. லாரி சரிந்த செய்தி வந்த அன்று சவரியார் ஏலாக்குறிச்சி மாதா கோயிலில் முழங்காலில் நின்று நேர்ந்துகொண்டது. மகன் உயிரோடு வந்தால் வாசலில் கெபி. வீட்டில் சுவர் எழும்புவதற்கு முன்பே அதைக் கட்டிவிட்டார். சாய்தளம் அது வழியாகத்தான் வர வேண்டும். இடது பக்கமாகத் திருப்பலாமென்றால் செப்டிக் டேங்க்.

சவரியார் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மாதாவ நகத்தச் சொல்றியா,” என்றார்.

“நான் சொல்லலப்பா. அளவு சொல்லுது.”

“அவங்க இல்லேன்னா நீ இல்ல.”

“உசுரோட வரணும்னுதானே வேண்டிக்கிட்டீங்க. வந்துட்டேன். வூட்டுக்குள்ள போவணும்னு வேண்டிக்கலியே.”

சவரியார் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து மகனோடு பேசவில்லை. ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஒருவேளைதான் சாப்பிடுவார். இப்போது மற்ற நாளிலும் அப்படியே இருந்தார். கொளஞ்சி பின்பக்கத்தையும் வலது பக்கத்தில் பாதியையும் கட்டி முடித்துவிட்டு, கெபிக்கு ஒரு ஆள் தூரத்தில் வேலையை நிறுத்தினார். மாதாவை எடுக்கத் தனக்குக் கை வராது என்றார். சாய்தளம் ஆகாயத்தில் முடிந்தது போல நின்றது. கோழிகள் அதில் ஏறி, நுனியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பின.

ரீனா இரண்டு பேருக்கும் தனித்தனியாகச் சாப்பாடு போட்டாள். “மாமா, மார்ச் முடியப் போவுது,” என்று ஒருநாள் மட்டும் சொன்னாள்.

“எனக்கும் காலண்டர் தெரியும் ஆயி,” என்றார் சவரியார்.

ஒரு சனிக்கிழமை காலை அவள் எழுந்தபோது கொட்டகைக்குள் யாரோ நின்றிருந்தார்கள். பதறிப் போய்ப் பார்த்தாள். வேட்டியால் சுற்றிய மாதா சொரூபம் சிமென்ட் மூட்டைகள் அடுக்கியிருந்த மூலையில் செங்கல் மேல் நின்றது. வெளியே சவரியார் கடப்பாரையால் கெபியின் கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார். பெயர்த்த கல்லை எறியாமல், ஒவ்வொன்றாகத் தூக்கி வேலியோரம் அடுக்கினார்.

அருள் பிரகாஷ் படுக்கையிலிருந்து கைகளை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். மாதாவைப் பார்த்தான்.

“எடம் பத்துமா அவங்களுக்கு,” என்றான்.

“நமக்கே பத்துது,” என்றாள் ரீனா.

வெளியே கடப்பாரைச் சத்தம் நின்றது. “கொளஞ்சிக்கு போன் போடு,” என்று சவரியாரின் குரல் கேட்டது. யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அருள் பிரகாஷ் போனை எடுத்தான்.

பூசி முடித்த பிறகும் அவன் ஏறவில்லை. சிமென்ட் இறுக ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் தண்ணீர் காட்டச் சொன்னான். சவரியார் காலையிலும் மாலையிலும் வாளியோடு வீட்டைச் சுற்றி வந்து சாக்குகளை நனைத்தார். முழுச் சுற்றையும் அவர்தான் முதலில் நடந்து பழகினார்.

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு காலை, ரீனா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டாள். மணிமொழிக்கு போன் செய்தாயிற்று. அவள் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இருப்பதாகச் சொன்னாள்.

“பின்னால யாரும் வரக்கூடாது. பிடிக்கக்கூடாது,” என்றான் அருள் பிரகாஷ். கொளஞ்சி கேட்டருகே நின்றுகொண்டார். சவரியார் கொட்டகைக்குள் போய் மாதாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ரீனா அவன் பாதங்களுக்குச் செருப்பைப் போட்டு, நாற்காலியின் பலகையில் நேராக எடுத்து வைத்தாள். பிறகு படியேறி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

சக்கரத்தின் சத்தம் இடது பக்கம் கேட்டது. மண்ணில் உருளும் மெல்லிய நொறநொறப்பு. அவள் படுக்கையறைக்குப் போனாள். ஜன்னலுக்குக் கீழே அவன் தலைமுடி நகர்ந்து போனது. அவள் சமையலறைக்கு நடந்தாள். சிமென்டில் ஏறும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. ஒரு தள்ளு, ஒரு நிறுத்தம். மூச்சு. இன்னொரு தள்ளு. சமையலறை ஜன்னலில் முதலில் நெற்றி தெரிந்தது. கொஞ்சம் தள்ளிக் கண்கள் தெரிந்தன. அவன் உள்ளே பார்க்கவில்லை. அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மூலையில் சத்தம் நின்றது. வெகுநேரம் எதுவும் கேட்கவில்லை. அவள் குளியலறைக்குப் போனாள். அதன் சின்ன ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். அவள் பார்க்கவில்லை. குளியலறைக் கம்பியைத் தொட்டுக்கொண்டு நின்றாள். அது குளிர்ந்திருந்தது. கூப்பிடுவானா என்று காதுகொடுத்துக் கேட்டாள். கூப்பிட்டால் போக வேண்டுமா, வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுபடி சக்கரம் உருண்டது. அவள் ஹாலுக்கு வந்தாள். வலது பக்க ஜன்னலில் அவன் தோள் தெரிந்தது. பிறகு மார்பு தெரிந்தது. சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தள்ளுக்கும் அவன் கொஞ்சம் உயர்ந்துகொண்டே வந்தான், தண்ணீரிலிருந்து யாரோ நடந்து கரையேறுகிற மாதிரி. கெபி இருந்த இடத்தைக் கடந்தான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

அவள் திறந்தாள். அவன் வாசலில் இருந்தான். சக்கரம் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. எங்கும் இடிக்கவில்லை. அவன் கையை நீட்டிச் சுவரில் இருந்த ஸ்விட்சைப் போட்டான். மின்விசிறி சுற்றத் தொடங்கியது. அதன் கீழே இருந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

“தண்ணி குடு,” என்றான்.

கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு வழக்கம்போல் குனிந்து கால்களைப் பார்த்தாள். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் பலகையிலிருந்து சற்று இறங்கி வெறுமையாக இருந்தது. கட்டைவிரல் நுனியில் சிமென்ட் தேய்த்த சிராய்ப்பு. ரத்தம் இல்லை. காலை எடுத்துப் பலகையில் வைத்தாள்.

“என்ன?”

“செருப்பு எங்கயோ விழுந்துடுச்சு.”

“எங்க?”

“நான் பாத்துக்கறேன்.”

போன் அடித்தது. மணிமொழி. உடையார்பாளையம் தாண்டிவிட்டாளாம். அவன் பேசிக்கொண்டிருக்கும்போது ரீனா இன்னொரு செருப்பையும் கழற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். படியில் இறங்கவில்லை. சாய்தளத்தில் இறங்கினாள். சரிவு மெதுவாக இருந்தது. இறங்குகிற மாதிரியே தெரியவில்லை. கொட்டகை வாசலில் சவரியார் எழுந்து நின்று அவள் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். அவர் மறுபடி உட்கார்ந்துகொண்டார்.

செருப்பு பின்மூலையில், மூச்சு வாங்க விட்டிருந்த சமதளத்தில் கிடந்தது. அவள் அதை எடுத்து மண்ணைத் தட்டினாள். மேலே ஏறி வந்து, இரண்டையும் சேர்த்து வாசலுக்கு வெளியே, சுவரோரம் வைத்தாள். உள்ளே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தாமல் உள்ளே போனாள்.